தனி விமானமும் தர்ம தரிசனமும்

தனி விமானம் வாடகைக்கு எடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு வேன் பேசத் தெரிந்தவருக்கு முக்கால்வாசி விஷயம் ஏற்கெனவே தெரியும்.

சிரிக்காதீர்கள். வேன்காரர் என்ன கேட்பார்? எத்தனை பேர், எத்தனை பெட்டி, எங்கே ஏறுவீர்கள், எப்போது திரும்புவீர்கள், ராத்திரி தங்கணுமா? விமானக் கம்பெனிக்காரரும் இதையேதான் கேட்பார். கூடவே, ஆளுக்கு எத்தனை கிலோ என்றும் கேட்பார். சின்ன விமானத்தில் எடைக் கணக்கு ரொம்ப முக்கியம். அங்கே போய் வெட்கப்பட்டுக்கொண்டு பத்து கிலோவைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

என்னை இந்த ஆராய்ச்சியில் இறக்கிவிட்டவர், சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பர்.

"ஒரு பார்ட்டி வந்தாங்க சார். அவங்க ஊர்லேர்ந்து தனி ஃப்ளைட்ல மெட்ராஸ். அங்கேர்ந்து கார்ல நேரா நம்ம கடை. முகூர்த்தப் புடவையில ஆரம்பிச்சு பதினெட்டுப் புடவை எடுத்தாங்க. ரெண்டே மணி நேரம்! சாயங்காலம் அவங்க வீட்டுக்கே போய் காபி சாப்பிட்டிருப்பாங்க."

வியாபாரிக்கு இதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

"அன்னிக்குக் காலையில கூலி வாங்க நெசவுக்காரர் ஒருத்தர் வந்து திண்ணையில உட்கார்ந்திருந்தார். வழக்கமா பத்து நிமிஷத்துல கணக்குப் பார்த்து அனுப்பிடுவேன். அன்னிக்கு இவங்க இருந்ததால முடியல. ரெண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவங்க மிச்சம் பிடிச்ச நேரம் இவர்கிட்டேர்ந்து எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்துச்சு சார். பணம் இருக்கிறவன் பறக்கிறான், அதுல என்ன தப்பு? ஆனா என்னமோ உறுத்துது. நீங்க எழுதுறவர், சொல்லுங்க."

நான் படித்தது பி.காம். தத்துவம் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். ஆகவே கணக்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

தனி விமானத்தில் போக இரண்டு வழி. சொந்தமாக வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். சொந்த உபயோகத்துக்கு என்று பதிவு செய்த விமானத்தை அடுத்தவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. வெள்ளை போர்டு காரை டாக்ஸியாக ஓட்டக் கூடாது என்கிறார்களே, அந்த மாதிரி. வாடகைக்கு விடுகிறவர் டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் அதற்கென்று பர்மிட் வாங்கியிருக்க வேண்டும். முதல் காரியமாக அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். 'எங்க முதலாளியோட விமானம் சும்மாதான் நிக்குது, பாதி ரேட்டுக்கு முடிச்சுத் தர்றேன்' என்று யாராவது சொன்னால், பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது சைஸ். கிங் ஏர் மாதிரி விசிறி சுற்றுகிற விமானத்தில் ஏழெட்டுப் பேர் போகலாம். ஜெட்டைவிட மெதுவாகப் போகும். ஆனால் குட்டையான ஓடுபாதையிலும் இறங்கிவிடும். சின்ன ஜெட்டில் ஆறேழு பேர். நடுத்தர ஜெட்டில் எட்டுப் பேர் காலை நீட்டி உட்காரலாம். லெகஸி மாதிரி பெரிய ஜெட் என்றால் பதின்மூன்று பேர் போகலாம். பெட்டி வைக்கிற இடம் மட்டும் பல விமானங்களில் சின்னதுதான். கட்டையான சூட்கேஸைவிட, அமுக்கி வைக்கக்கூடிய துணிப் பை உத்தமம்.

வாடகை மணிக் கணக்கில். சின்ன விமானமே மணிக்கு ஒரு லட்சத்தைத் தாண்டும். பெரிய ஜெட் பல லட்சம். விமானம் தன் கூட்டிலிருந்து கிளம்பியது முதல் கூட்டுக்குத் திரும்புகிறவரை மீட்டர் ஓடும். நீங்கள் ஒரு வழி மட்டும் போனாலும், அது காலியாகத் திரும்புகிற காசு உங்கள் தலையில்தான். டாக்ஸியில் 'அப் அண்ட் டவுன்' காசு கேட்கிறார்களே, அதேதான். டிரைவர் பேட்டா, நைட் ஹால்ட் எல்லாம் இங்கேயும் உண்டு. பைலட்டுகளுக்கு ஓட்டல் ரூம், இறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், வரி என்று பில் நீளும். காலியாகத் திரும்புகிற விமானத்தில் கொஞ்சம் மலிவாகவும் போகலாம். ஆனால் அது போகிற ஊருக்கு, அது போகிற நேரத்துக்குத்தான் நீங்கள் போக வேண்டும்.

விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போக வேண்டியதில்லை. பெரும்பாலும் அரை மணி நேரம் போதும். அடையாள அட்டையும் பாதுகாப்புச் சோதனையும் மட்டும் கோடீஸ்வரருக்கும் உண்டு. சின்ன ஊர்களில் நிலையம் எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். ராத்திரி இறங்க வசதியில்லாத இடத்தில் பொழுது சாய்ந்தால் கடையைக் கட்டிவிடுவார்கள்.

காஞ்சிபுரத்தில் விமான நிலையமே கிடையாது. மீனம்பாக்கத்தில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக அறுபது எழுபது கிலோமீட்டர் எல்லாரையும் போல ரோட்டில்தான் வர வேண்டும். பக்கத்தில் பரந்தூரில் ஒரு பெரிய விமான நிலையம் என்று 2022-ல் அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. அதற்கு 5,000 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். ஏரியும் வயலும் வீடும் போகிறதே என்று ஏகனாபுரம் ஜனங்கள் 2022-லேயே போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். ஆகாயத்தில் பறப்பதற்கும் முதலில் பூமியில் யாராவது இடம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. விமானமே உங்களுடையதாக இருந்தாலும், கிளம்பலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவர் கேப்டன்தான். மேகம், மழை, பனிமூட்டம் என்று அவர் 'முடியாது' என்றால் முடியாதுதான். அவரை நெருக்காதீர்கள். வானிலை யாருடைய பதவியையும் பார்ப்பதில்லை. 2009 செப்டம்பர் 2-ம் தேதி ஆந்திர முதல்வர் ராஜசேகர ரெட்டி போன ஹெலிகாப்டர், மோசமான வானிலையில் நல்லமலைக் காட்டில் விழுந்தது. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்துபோனார்கள்.

சரி, இத்தனை லட்சம் கொடுத்து என்னதான் வாங்குகிறோம்? மெத்தென்ற சீட் என்றால், சாதாரண ஏர்லைன்ஸிலேயே முன் வரிசையில் கிடைக்கும். சாப்பாடு என்றால், அந்தக் காசுக்கு ஊருக்கே இலை போடலாம். தனி விமானத்தில் நாம் வாங்குவது க்யூவில் நிற்காமல் இருக்கும் உரிமையை. டிக்கெட் க்யூ, பெட்டி க்யூ, ஏறுகிற க்யூ, இறங்குகிற க்யூ, அடுத்த ஊருக்கு மாறுகிற க்யூ என அத்தனையையும் ஒரே செக்கில் தாண்டிவிடலாம்.

இதில் ஒரு வேடிக்கை. தரையில் க்யூவை விலைக்கு வாங்கியவருக்கும் ஆகாயத்தில் க்யூ காத்திருக்கிறது. இறங்குவதற்கு ஐந்து விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தால், பொதுவாக முதலில் வந்தவருக்கு முதல் இடம். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் யாரை முன்னால் விடுவார்? எஞ்சின் கெட்டுப்போன விமானத்தை. எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும் விமானத்தை. உயிருக்குப் போராடுகிற நோயாளியை ஏற்றி வரும் விமானத்தை. நாட்டின் தலைவர்களுக்கும் முன்னுரிமை உண்டு. 'நான் மணிக்கு மூணு லட்சம் கொடுத்திருக்கேன்' என்று சொன்னால் மட்டும், 'சரி சார், வெயிட் பண்ணுங்க' என்பதுதான் பதில்.

தரையில் இருக்கிற க்யூ எப்படிப்பட்டது என்பதைச் சின்ன காஞ்சிபுரம் 2019-ல் பார்த்தது.

வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் 40 வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருவார். 1939, 1979, அப்புறம் 2019. ஜூலை 1-ம் தேதி தொடங்கி 48 நாள் வைபவம். ஜூலை முழுக்கச் சயனக் கோலம், ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலம். வந்த ஜனம் ஒரு கோடி என்றார்கள். சன்னிதித் தெருவில் குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டுக்குள் போவதற்கே வழி கேட்க வேண்டியிருந்தது. பொது வரிசை ஒரு பக்கம், பாஸ் வைத்திருப்பவர்கள் வரிசை இன்னொரு பக்கம். ஜூலை 18-ம் தேதி நெரிசலில் சிக்கி உயிரை விட்டவர்களும் உண்டு.

நான் பொது வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். கால் வீங்கியிருந்தது, செருப்பைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை என் பெரிய பையனை இடுப்புல தூக்கிட்டு வந்தேன் தம்பி. இப்ப அவனுக்கே தலை நரைச்சுப் போச்சு. அடுத்தது 2059-ஆமே! நான் எங்க இருக்கப் போறேன்?"

பாஸ் வரிசையில் ஒரு கூட்டம் விறுவிறுவென்று உள்ளே போனது. "கோபம் வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"எதுக்குக் கோவம்? அவங்களும் சாமி பார்க்கத்தானே போறாங்க, போகட்டும். அந்தக் கதவைத் திறக்கிறப்பல்லாம் நம்ம வரிசை நின்னுடுது பாரு. அதான் தம்பி வயித்தெரிச்சல்."

தனி விமானத்தைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்தவன் சுகமாகப் போகிறான் என்பதில் அந்த அம்மாவுக்கு வருத்தமே இல்லை. அவன் போவதால் தன் வரிசை நிற்கிறதா என்பதுதான் அவர் கேள்வி. முதலாவது பொறாமை. இரண்டாவது நியாயம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான், பணக்காரனைத் திட்டுகிறவர்களும் சரி, 'உனக்குப் பொறாமை' என்று வாயை அடைக்கிறவர்களும் சரி, விஷயத்தைத் தொடாமலே சண்டை போடுகிறார்கள்.

பி.காம். வகுப்பில் வேறு மாதிரி சொல்லிக்கொடுப்பார்கள். ஒரு மணி நேரத்தை ஒரு வேலைக்குச் செலவழித்தால், அதே நேரத்தில் வேறு எதைச் சம்பாதித்திருக்கலாமோ அதுதான் அந்த மணி நேரத்தின் உண்மையான விலை. பத்தாயிரம் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற முதலாளி ஏர்போர்ட் நாற்காலியில் மூன்று மணி நேரம் தூங்கி வழிந்தால் யாருக்கு லாபம்? ஏர்லைன்ஸ் போகாத மூன்று ஊர்களில் இருக்கிற மூன்று ஃபேக்டரியை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாம் என்றால், அந்த வாடகை ஆடம்பரம் ஆகாது. பெரிய கம்பெனிகளின் சொந்த விமான மோகத்தைக் கிண்டல் பண்ணிய வாரன் பஃபெட்டே, 1989-ல் தன் கம்பெனிக்கு ஒரு ஜெட் வாங்கி, அதற்கு 'இன்டிஃபென்சிபிள்' என்று பெயர் வைத்தார். 'இதற்குச் சமாதானமே சொல்ல முடியாது' என்று அர்த்தம். பிறகு 1998-ல் விமானத்தைப் பங்கு போட்டு விற்கிற ஒரு கம்பெனியையே வாங்கிவிட்டார்! சீட்டுப் பிடிக்கிற மாதிரி பல பேர் சேர்ந்து ஒரு ஜெட்டுக்குச் சொந்தக்காரர் ஆகலாம்.

இந்த வாதத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் ஒரு இடத்தில் அது இடிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் எவ்வளவு கொடுப்பார் என்றுதான் சந்தை சொல்லும். அந்த மணி நேரம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. வீங்கிய காலோடு நின்ற அந்த அம்மாவின் ஒரு மணி நேரத்துக்கு மார்க்கெட் ரேட் நூறு ரூபாய்கூடத் தேறாது. ஆனால் 2059-ல் அவர் இருக்கப் போவதில்லை. கையில் மிச்சம் இருக்கிற நேரத்தை வைத்துப் பார்த்தால், அந்த வரிசையிலேயே மிக விலை உயர்ந்த மணி நேரம் அவருடையதுதான்.

ஆகவே அவர் கேள்வியையே தனி விமானத்திடமும் கேட்போம். உனக்காகக் கதவு திறக்கும்போது யாருடைய வரிசை நிற்கிறது?

முதலில் ஓடுபாதை. 180 பேர் இருக்கிற விமானம் இறங்கவும் ஓடுபாதையில் ஒரு முறை வேண்டும். நாலு பேர் இருக்கிற ஜெட் இறங்கவும் ஒரு முறை வேண்டும். மும்பையில் இந்தப் பிரச்னை முற்றிப்போய், 2024 பிப்ரவரியில், கூட்டமான நேரத்தில் தனி விமானங்கள் வந்துபோவதற்கான கட்டுப்பாட்டைக் கடுமையாக்கினார்கள்.

அடுத்தது புகை. 2024 நவம்பரில் வெளியான ஒரு சர்வதேச ஆய்வின்படி, உலகத்தின் தனி விமானங்கள் 2023-ல் மட்டும் குறைந்தது 1 கோடியே 56 லட்சம் டன் கரியமில வாயுவை வெளியேற்றியிருக்கின்றன. 2019-ஐவிட 46 சதவிகிதம் அதிகம். பறந்ததில் கிட்டத்தட்டப் பாதி, 500 கிலோமீட்டருக்கும் குறைந்த தூரம். அதாவது சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிற தூரத்துக்குள். பருவம் தப்பி மழை கொட்டினாலோ, பொய்த்துப்போனாலோ, முதலில் நிற்கிறது யாருடைய வரிசை என்று காஞ்சிபுரத்து விவசாயிக்குத் தெரியும். மழைக்காலத்தில் ஈரக் காற்று பட்டால் பாவு ஓடாமல் தறியை நிறுத்துகிற நெசவாளிக்கும் தெரியும்.

மூன்றாவது வரி. 2007 பட்ஜெட் வரைக்கும் தனியார் இறக்குமதி செய்கிற விமானத்துக்குச் சுங்க வரியே கிடையாது. விலக்கு கொடுக்க ஒரு காரணமும் இல்லை என்று சொல்லித்தான் ப.சிதம்பரம் அந்த வருஷம் மூன்று சதவிகிதம் போட்டார். கஜானாவுக்கு வராமல் போகிற ஒவ்வொரு ரூபாயையும் இன்னொரு வரிசையில் நிற்கிற யாரோ ஈடுகட்டத்தானே வேண்டும்?

இதற்காகத் தனி விமானமே பாவம் என்று சொல்ல வரவில்லை. சில நேரம் அடுத்தவர் வரிசையை நிறுத்தித்தான் ஆக வேண்டும். 2008 செப்டம்பர் நினைவிருக்கிறதா? விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியின் மகன் ஹிதேந்திரனின் இதயத்தைத் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குக் கொண்டுபோனார்கள். போலீஸ் ரோட்டை நிறுத்தியது. பதினோரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு சிக்னலில் நின்ற ஒருவராவது 'என் நேரம் வீணாச்சு' என்று சண்டைக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை. ஏன் நிற்கிறோம் என்ற காரணம் தெரிந்தபோது, நின்றவர்களும் அந்தக் காரியத்தில் பங்குதாரர்களாகிவிட்டார்கள்.

அதே வருஷம் நவம்பரில் அமெரிக்காவில் நடந்ததையும் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஃபோர்டு, கிரைஸ்லர் என்று மூன்று கார் கம்பெனிகளின் தலைவர்கள், 'கம்பெனி மூழ்குகிறது, அரசாங்கப் பணம் கொடுங்கள்' என்று கேட்க வாஷிங்டனுக்கு வந்தார்கள். டெட்ராய்ட்டிலிருந்து மூன்று பேரும் மூன்று தனி ஜெட்டில்! 'சாதாரண விமானத்தில் வந்தவர் யாராவது இருந்தால் கையைத் தூக்குங்கள்' என்றார் ஒரு எம்.பி. ஒரு கையும் எழவில்லை. டிசம்பரில் மறுபடி வந்தபோது மூன்று பேரும் காரில் வந்தார்கள். அவர்கள் பறந்ததில் சட்டப்படி எந்தத் தப்பும் இல்லை. ஆனால் ஏன் பறந்தோம் என்பதை, வேலை போகப் போகிற தொழிலாளி முன்னால் நின்று சொல்ல அவர்களால் முடியவில்லை.

எனக்குத் தெரிந்த அளவுகோல் இதுதான். வரிசையைத் தாண்டிப் போகிறவர், வரிசையின் கடைசியில் நிற்கிறவரைப் பார்த்துத் தன் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும். 'அப்பாவுக்கு மாரடைப்பு' என்று சொல்லலாம். 'ரயிலும் விமானமும் போகாத ஊர், நாளைக்குள் போயாகணும்' என்று சொல்லலாம். 'என்னால் முடியும், அதனால்' என்பதைச் சொல்லிப் பாருங்கள். நாக்கு எழாது.

இப்போது பட்டுக் கடை நண்பருக்கு என் பதில். அந்தப் பார்ட்டி பறந்துவந்தது சரியா என்பது அவர்கள் சொல்ல வேண்டிய கணக்கு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரின் இரண்டு மணி நேரத்தை அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு நெசவுக்காரர் காத்திருந்ததே தெரியாது. எடுத்துக் கொடுத்தவர் நீங்கள்தான். பதினெட்டுப் புடவையை அவர்கள் விரித்துப் பார்க்கிற நேரத்தில், 'பத்து நிமிஷம் மன்னிச்சுக்குங்க, வேலை செஞ்சவருக்குக் கூலி கொடுத்துட்டு வந்துடறேன்' என்று எழுந்து வந்திருக்கலாம். கோபித்துக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். அந்தப் புடவைகளில் ஒன்றை அந்தத் திண்ணைக்காரரே பத்துப் பதினைந்து நாள் உட்கார்ந்து நெய்திருக்கக்கூடும்.

நம்மில் முக்கால்வாசிப் பேர் ஜென்மத்தில் தனி விமானம் ஏறப் போவதில்லை. ஆனால் எல்லாரும் ஏதாவது ஒரு கதவுக்குக் காவல் நிற்கிறோம். பாங்க் கவுன்டரில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில், தாலுகா ஆபீஸில், கடையில். கார் வந்து நின்றால் எழுந்துபோய்க் கதவைத் திறக்கிறோம். அப்போது எந்த வரிசை நின்றது என்று திரும்பிப் பார்ப்பது நம் வேலை.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. வைகாசி கருட சேவையன்று வரதர் கருடன் மேல் ஏறிப் புறப்படுவார். அவருக்கும் ஒரு தனி விமானம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் அது தெருவுக்கு வரும், உள்ளே போய்ப் பார்க்க முடியாதவனும் பார்ப்பதற்காக. வருஷா வருஷம் இந்தச் சேவைக்குச் சோளிங்கரிலிருந்து வந்துகொண்டிருந்தார் தொட்டாச்சாரியார். ஒரு வருஷம் உடம்பு முடியாமல் வர இயலவில்லை. அங்கேயே குளக்கரையில் நின்று அவர் ஏங்க, வரதர் கருடன் மேலேயே அங்கு போய்க் காட்சி கொடுத்தார் என்பது ஐதீகம். அதன் நினைவாக இன்றைக்கும் கோபுர வாசலில் ஒரு கணம் பெருமாளைக் குடையால் மறைப்பார்கள். சோளிங்கர் போய் வருகிறார் என்று அர்த்தம்.

ராத்திரியெல்லாம் கண் விழித்து வந்த ஜனம், தரிசனம் நின்றுபோன அந்தக் கணத்தில் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் காத்திருக்கிறது. வர முடியாத ஒருவரைப் பார்க்கப் போயிருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும்.